குளோரின் மீனின் ரத்தத்தைக் கெடுக்குமா, செவுளோடு நின்றுவிடுமா?

4 ஜூன் 2022, காலை. ஒரு வாசகர் கேட்டது

60 லிட்டர் தொட்டி, ஐந்து கோல்ட்ஃபிஷ். வெள்ளிக்கிழமை பாதித் தண்ணீர் மாற்றினேன். குழாய்த் தண்ணீரை ஒரு ராத்திரி டிரம்மில் வைத்த பிறகுதான் ஊற்றினேன். விடிந்து பார்த்தால் மூன்று மீன் போய்விட்டது. செவுள் வெளுத்து, மேலே கோழை படிந்திருந்தது. கொளத்தூரில் மீன் வாங்கிய கடைக்காரரைக் கேட்டால் "குளோரின் செவுளைத்தான் எரிக்கும், ரத்தத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல" என்கிறார். மைத்துனர் "ரத்தத்தைத்தான் கெடுக்கும், ரத்தசோகை வந்து சாகும்" என்கிறார். யார் சொல்வது சரி?

4 ஜூன், இரவு

மைத்துனர் சொல்வதுதான் சரி.

எனக்கு 22 வருஷமாக ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. எட்டு வருஷமாக மீன் வளர்க்கிறேன். கடைக்காரருக்குத் தண்ணீர் தெரியும், எனக்கு ரத்தம் தெரியும். குளோரின் சிவப்பணுவை உடைக்கும், ஹீமோகுளோபினைப் பழுப்பாக்கும். இதைப் புத்தகத்தில் படித்துவிட்டுச் சொல்லவில்லை. போன மார்ச்சில் என் தொட்டி மீனின் ரத்தத்தை எடுத்து நானே பார்த்தேன். அணுக்கள் போக மிஞ்சும் பிளாஸ்மா ரோஸ் மில்க் மாதிரி இருந்தது, சிவப்பணு உடைந்தால் அப்படித்தான் ஆகும். வடிதாளில் விட்ட சொட்டு காப்பிக் கறை மாதிரி பழுப்பாக நின்றது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

5 ஜூன், காலை

முழுக்கதையையும் கேட்கிறார்கள். சரி.

எங்கள் அடுக்ககத்தில் சம்ப் கழுவினார்கள். 10,000 லிட்டர் சம்ப். கழுவ வந்தவர் ஒரு கிலோ பிளீச்சிங் பவுடரைக் கரைத்துச் சுவரெல்லாம் தேய்த்துவிட்டு, அரையும் குறையுமாக அலசிவிட்டு, லாரித் தண்ணீரை இறக்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். நல்ல பிளீச்சிங் பவுடரில் எடையில் மூன்றில் ஒரு பங்கு குளோரின் கிடைக்கும். அதாவது ஒரு கிலோவில் 300 கிராமுக்கு மேல். அது அப்படியே அடியில் தங்கி, சம்பும் நிறைந்தால் லிட்டருக்கு 30 மில்லிகிராம். பெரும்பாலும் அலசிப் போயிருக்கும், ஆனாலும் அன்று ராத்திரி குழாயைத் திறந்ததும் நீச்சல் குளத்து வாடை அடித்தது. எனக்கு ஜலதோஷம், வாடை தெரியவில்லை. வீட்டில் சொன்னார்கள், நான் கேட்கவில்லை. 100 லிட்டர் தொட்டியில் 30 லிட்டரை மாற்றிவிட்டுத் தூங்கப் போய்விட்டேன்.

நான்கு மீன். காலையில் ஒன்று மிதந்தது, ஒன்று பக்கவாட்டில் சாய்ந்து மூச்சுக்குத் தவித்தது. மற்ற இரண்டும் மேல்மட்டத்தில் வாயைப் பிளந்துகொண்டு நின்றன.

5 ஜூன், மதியம்

சாய்ந்து கிடந்ததை வாளியோடு கூடத்துக்கு எடுத்துப் போனேன். இது பெருமைப்பட வேண்டிய காரியம் இல்லை என்று அப்போதே தெரியும். எப்படியும் சாகப் போகிறது, ஒரு முறை பார்த்துவிடலாம் என்று தோன்றியது. கிராம்பு எண்ணெயில் மயங்கவிட்டு, வால் காம்பில் முள்ளெலும்பை ஒட்டி ஓடும் நாளத்திலிருந்து இன்சுலின் சிரிஞ்சில் கொஞ்சம் எடுத்தேன். அப்புறம் அது எழவில்லை.

நம் கூடத்து இயந்திரத்தில் மீன் ரத்தத்தைப் போடாதீர்கள். நான் போட்டேன். நமது சிவப்பணுவில் உட்கரு கிடையாது, மீனுடையதில் உண்டு. வெள்ளணுவை எண்ணுவதற்காக இயந்திரம் சிவப்பணுக்களை உடைக்கும்போது மீனின் சிவப்பணு உட்கருக்கள் எல்லாம் மிச்சமாக நிற்கும். அது அத்தனையையும் வெள்ளணுக் கணக்கில் எழுதிவிடும். ரத்தப் புற்றுநோயிலும் பார்க்காத எண் வந்தது, திரையெல்லாம் சிவப்பு எச்சரிக்கை. மேலதிகாரி ஓடி வந்து "எந்த வார்டு பேஷண்ட்?" என்று கேட்டார். நான் வாளியைக் காட்டினேன். அதற்குப் பிறகு அங்கே நடந்த பேச்சு இந்த இழைக்குத் தேவையில்லை.

மீன் ரத்தத்தைக் கட்டம் கீறிய கண்ணாடித் தகட்டில் வைத்துக் கண்ணால் பார்த்துத்தான் எண்ண வேண்டும். ஹீமோகுளோபின் அளக்கும்போதும் உட்கருக் கசடு கலங்கலாக நிற்கும். சுழற்றித் தெளிவை மட்டும் எடுத்து அளக்காவிட்டால் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும்.

6 ஜூன்

"சோற்று உப்பிலும் குளோரின்தானே இருக்கிறது, மீன் தொட்டியில் கல் உப்பு போடச் சொல்கிறீர்களே" என்று ஒருவர். நல்ல கேள்விதான், சிரிக்காதீர்கள். உப்பில் இருப்பது குளோரைடு. எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு அடங்கிவிட்ட பேர்வழி. குழாயில் வருவது இன்னும் வாங்காதது, யாரிடமாவது பிடுங்கத் துடிப்பது. கிருமியிடம் பிடுங்கினால் குடிநீர் சுத்தம், செவுளிடம் பிடுங்கினால் மீன் பிணம்.

தண்ணீரில் கரைந்ததும் அது ஹைப்போகுளோரஸ் அமிலமாகவும் ஹைப்போகுளோரைட்டாகவும் பிரிந்து நிற்கும். கார அமில அளவு (pH) 7.5 என்றால் ஏறக்குறையப் பாதிப் பாதி. 8 என்றால் அமில வடிவம் கால் பங்குதான். அந்த அமில வடிவத்துக்கு மின்னேற்றம் இல்லை, அதனால் செல் சவ்வுக்குள் சுலபமாக நுழையும், விஷமும் அதிகம். ஒரே அளவு குளோரின் ஒரு வீட்டில் கொன்று இன்னொரு வீட்டில் கொல்லாமல் விடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

7 ஜூன், இரவு

நான் எழுதியதைத் திரும்பப் படித்தபோது ஒரு இடம் உறுத்தியது. "மைத்துனர் சொல்வதுதான் சரி" என்று அடித்துச் சொல்லியிருக்கிறேன். மைத்துனர் சொன்னது ரத்தசோகை. அன்று நான் ரத்தத்தைத் தந்துகி என்ற மெல்லிய கண்ணாடிக் குழாயில் சுழற்றிப் பார்த்தபோது, அடியில் படியும் சிவப்பணு அடுக்கு குறைவாக இருந்த ஞாபகம் இல்லை. நோட்டு எங்கேயோ இருக்கிறது. தேடுகிறேன்.

8 ஜூன்

நோட்டு கிடைக்கும்வரை வேறு ஒன்று. எனக்கு இந்த விஷயத்தில் ஆர்வம் வந்ததே மீனால் அல்ல, டயாலிசிஸால்.

சிறுநீரகம் செயலிழந்தவருக்கு ஒரு முறை டயாலிசிஸ் செய்யும்போது 120 லிட்டர் அளவுக்குத் தண்ணீர் அவர் ரத்தத்தை ஒட்டி, மெல்லிய சவ்வின் மறுபக்கம் ஓடுகிறது. 1973ல் அமெரிக்காவில் மினசோட்டாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள், டயாலிசிஸ் நோயாளிகளுக்குச் சிவப்பணு உடைந்து ரத்தசோகை வருவதற்கு நகரக் குடிநீரில் இருந்த குளோரமின் காரணம் என்று காட்டினார்கள். குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தால் வருவது குளோரமின். அது ஹீமோகுளோபினை நேராகவும் தாக்கும், சிவப்பணு தன்னைக் காத்துக்கொள்ள வைத்திருக்கும் வேதி ஏற்பாட்டையும் முடக்கும். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைந்தவருக்குச் சில மாத்திரைகள் ஆகாது என்போமே, ஏறக்குறைய அதே வழி. இன்று டயாலிசிஸ் தண்ணீரில் மொத்தக் குளோரின் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள். அதற்காகத்தான் அந்தப் பெரிய கரி வடிகட்டிகள்.

அதே குழுவில் இருந்த ஜான் ஈட்டன், டொனால்ட் குரோத் என்பவருடன் சேர்ந்து 1975ல் மீனுக்கு வந்தார். ஃபாத்ஹெட் மின்னோ என்ற சின்ன நன்னீர் மீனைக் குளோரமின் தண்ணீரில் விட்டுப் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் மெத்ஹீமோகுளோபினாக மாறிக் கிடந்தது. அதாவது ஆக்சிஜனைத் தூக்க முடியாத பழுப்பு ஹீமோகுளோபின். மனிதனின் டயாலிசிஸ் சவ்விலிருந்து மீனின் செவுளுக்குத் தாவிய அந்த யோசனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். இரண்டும் ஒன்றுதானே? ஒரு பக்கம் ரத்தம், மறு பக்கம் தண்ணீர், நடுவில் ஒரு மெல்லிசுத் திரை. அதே குழாய்த் தண்ணீரை நாம் குடித்தால் குடல் பார்த்துக்கொள்ளும். மீன் அதைக் குடிப்பதில்லை, நாள் முழுக்க ரத்தத்துக்கு அருகே ஓடவிட்டுக்கொண்டிருக்கிறது.

மைத்துனர் கட்சிக்கு இது நல்ல ஆதாரம். கவனியுங்கள், குளோரமின் என்று எழுதியிருக்கிறேன், குளோரின் என்று அல்ல. அந்த வித்தியாசத்தை முதல் நாளே நான் எழுதியிருக்க வேண்டும்.

9 ஜூன்

நோட்டு கிடைத்தது. பழைய மின்கட்டண ரசீதுகளுக்கு நடுவில்.

"தந்துகி: சிவப்பணு அடுக்கு 41. பிளாஸ்மா மஞ்சள், தெளிவு. ரத்தம் கெட்டியாக வந்தது, ஊசியில் அடைத்தது."

41! அதாவது ரத்தத்தில் நூற்றுக்கு 41 பங்கு சிவப்பணு. கோல்ட்ஃபிஷுக்கு 30ஐச் சுற்றி இருக்கும். சோகையாக இருந்தால் இறங்க வேண்டும், இது ஏறி உட்கார்ந்திருக்கிறது. மைத்துனருக்கு முதல் அடி. எனக்கும்தான்.

இதற்கு விளக்கம் உண்டு. செவுள் எரிந்து, கோழை மூடி, ஆக்சிஜன் கிடைக்காமல் மீன் தவிக்கும்போது மண்ணீரல் சுருங்கி, சேமித்து வைத்த சிவப்பணுக்களை ஓட்டத்தில் இறக்கிவிடும். அதிர்ச்சியில் சுரக்கும் அட்ரினலினால் சிவப்பணுக்களும் கொஞ்சம் வீங்கும். இரண்டும் சேர்ந்து அடுக்கை உயர்த்தும். ரத்தம் கூடியிருக்கிறது என்று அர்த்தமில்லை, மூச்சுத் திணறலின் முத்திரை அது. 1970களில் அனல்மின் நிலையக் குளிர்நீரில் இடைவெளி விட்டுக் குளோரின் சேர்ப்பது போலவே சேர்த்து, ரெயின்போ டிரவுட் மீன்களின் தமனி ரத்தத்தை அமெரிக்காவில் அளந்தார்கள். ஆக்சிஜன் சரிந்தது, இதயத் துடிப்பும் குறைந்தது. அவர்கள் சொன்ன சாவின் காரணம் செவுள் சேதத்தால் வந்த மூச்சடைப்பு. கடைக்காரர் அதைத்தானே சொன்னார்?

9 ஜூன், சற்றுக் கழித்து

"பிளாஸ்மா மஞ்சள், தெளிவு என்று எழுதியிருக்கிறது, முதலில் ரோஸ் மில்க் என்றீர்களே?" என்று பிடித்துவிட்டார்கள். நானும் இப்போதுதான் கவனித்தேன்.

ரோஸ் மில்க் பார்த்தது வேறு குழாயில். இயந்திரத்துக்காக ஊதா மூடிக் குழாயில் கொஞ்சம் விட்டிருந்தேன். அதில் இருப்பது இடிடிஏ. தந்துகியில் இருப்பது ஹெபாரின். இரண்டும் ரத்தம் உறையாமல் தடுப்பவை. மனித ரத்தத்துக்கு இடிடிஏதான் எங்கள் குலதெய்வம், கை தானாக ஊதா மூடிக்குப் போகும். ஆனால் கெண்டை வகை மீன்களின் சிவப்பணுவை இடிடிஏவே உடைத்துவிடுவதுண்டு. கோல்ட்ஃபிஷ் கெண்டையின் சொந்தக்காரர். ஆக என் ரோஸ் மில்க்கைக் கலக்கியது குளோரின் அல்ல, நான். மெல்லிய இன்சுலின் ஊசியில் இழுத்ததற்கும் பங்கு இருக்கலாம்.

22 வருஷ அனுபவம் என்று வேறு முதல் வரியிலேயே எழுதி வைத்திருக்கிறேன். நீக்கப் போவதில்லை, இருக்கட்டும்.

10 ஜூன்

இன்னும் ஒரு சாட்சி இருக்கிறதே, வடிதாள். வெள்ளை வடிதாளில் ஒரு சொட்டு ரத்தத்தை விட்டு விசிறுங்கள். ஆக்சிஜன் குறைந்து கறுத்த ரத்தமாக இருந்தால் காற்றுப் பட்டுச் சிவக்கும். மெத்ஹீமோகுளோபினாக இருந்தால் எவ்வளவு விசிறினாலும் பழுப்பாகவே நிற்கும். மனிதருக்குக் கட்டிலருகே செய்யும் பழைய சோதனைதான், கருவி எதுவும் வேண்டாம். என் மீனின் சொட்டு சிவக்கவில்லை. இதை யாரும் அசைக்க முடியாது.

11 ஜூன்

அசைத்துவிட்டார்கள்.

திருச்சியிலிருந்து ஒருவர் ஒரே வரி கேட்டிருக்கிறார்: "வடிதாள் சோதனை எந்த மீனுக்கு, எந்தத் தேதியில்?"

முதல் நாள் என்று எழுத விரலை வைத்தேன். அப்புறம் நோட்டை எடுத்துப் பார்த்தேன். முதல் நாள் பக்கத்தில் வடிதாளைப் பற்றி ஒரு எழுத்தும் இல்லை. "ரத்தம் அடர் சிவப்பு" என்றுதான் இருக்கிறது. வடிதாள் ஆறாம் நாள். மேல்மட்டத்தில் நின்று பிழைத்துக்கொண்டது என்று நினைத்த இரண்டில் ஒன்று, நான்கு நாள் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, ஆறாம் நாள் திரும்பவும் மூச்சு வாங்கி விழுந்தது. அதன் ரத்தம்தான் பழுப்பு. இரண்டையும் ஒரே காலையில் நடந்ததாக மனசு ஒட்டவைத்துவிட்டது.

12 ஜூன், ஞாயிறு

ராத்திரி முழுக்க இதே யோசனை. ஆறு நாள் கழித்து அந்தத் தொட்டியில் குளோரின் ஏது? ஏர் பம்ப் ஓடுகிறது, வடிகட்டி ஓடுகிறது, மீன் கழிவு இருக்கிறது. குளோரின் ஒரு நாள்கூடத் தாங்கியிருக்காது.

ஆனால் போகிற போக்கில் குளோரின் ஒன்றைச் செய்துவிட்டுப் போயிருக்கும். வடிகட்டிப் பஞ்சில் குடியிருக்கும் பாக்டீரியாக்களைக் கொன்றிருக்கும். அதற்காகத்தானே அதைக் குடிநீரில் போடுகிறார்கள். மீன் வெளியேற்றும் அம்மோனியாவை ஒரு கூட்டம் நைட்ரைட்டாக்கும், இன்னொரு கூட்டம் அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். எல்லாம் சேதமான பிறகு முதல் கூட்டம் சீக்கிரம் தலைதூக்கும், இரண்டாவது தாமதமாக வரும். நடுவில் நைட்ரைட் குவியும். நைட்ரைட் செவுள் வழியாகக் குளோரைடின் இருக்கையில் ஏறி உள்ளே போய் ஹீமோகுளோபினை மெத்ஹீமோகுளோபினாக்கும். கெளுத்தி வளர்ப்புக் குளங்களில் இதற்குப் பழுப்பு ரத்த நோய் என்றே பெயர்.

நோட்டில் ஏழாம் நாள் பக்கத்தைத் திருப்பினேன். "நைட்ரைட் பட்டை அடர் ரோஜா. கல் உப்பு 50 கிராம் போட்டேன். சாயந்திரம் தேவலை." நானேதான் எழுதியிருக்கிறேன். அன்று தெரிந்து உப்பும் போட்டிருக்கிறேன், அது வேலையும் செய்திருக்கிறது. கடைசி மீன் இன்றும் இருக்கிறது. மூன்று மாதத்தில் கதையில் நைட்ரைட் கழன்று விழுந்து குளோரின் மட்டும் மிஞ்சிவிட்டது.

உப்பு பலித்ததே இது குளோரின் இல்லை என்பதற்குச் சாட்சி. 100 லிட்டரில் 50 கிராம் என்றால் லிட்டருக்கு அரை கிராம். அந்தக் குளோரைடு செவுள் வாசலில் நைட்ரைட்டை முந்திக்கொண்டு நிற்கும். குளோரினுக்கும் குளோரமினுக்கும் இந்த வித்தை பலிக்காது. அவை வாசலில் வரிசையில் நிற்பதில்லை.

12 ஜூன், மாலை

திருச்சிக்காரருக்கு நன்றி சொன்னேன். "நான் சும்மா கேட்டேன் சார்" என்கிறார்.

13 ஜூன்

இவ்வளவுக்குப் பிறகு, ரத்தத்தைக் கெடுக்கும் என்று சொல்ல என் கையில் என்ன மிச்சம்? என் தொட்டியிலிருந்து ஒன்றுமில்லை. ஆனால் விஷயம் பொய்யும் இல்லை.

அம்மோனியாவோடு சேராத தனிக் குளோரின் முரடு. செவுளின் மேல்தோலைத் தொட்டவுடனே அங்கேயே சண்டை போட்டு அங்கேயே செலவாகிவிடும், ரத்தம்வரை போய்ச் சேர்வது அரிது. குளோரமின் சாது மாதிரி. மெதுவாக வினைபுரியும், அதனாலேயே செவுளைத் தாண்டி உள்ளே போகும். 1976, 77ல் கோஹோ சால்மன் குஞ்சுகளைக் குளோரின் சேர்த்த நகரக் கழிவுநீரில், உடனே சாகாத அளவில் விட்டுப் பார்த்தார்கள். கழிவுநீரில் அம்மோனியா ஏராளம், ஆகவே அங்கே இருந்தது பெரும்பாலும் குளோரமின். ஹீமோகுளோபின் இறங்கியது, சிவப்பணு அடுக்கு இறங்கியது, சிவப்பணுக்களுக்குள் ஹெய்ன்ஸ் மணிகள் தெரிந்தன. கெட்டுத் திரண்ட ஹீமோகுளோபின் கட்டிகள் அவை. மைத்துனர் சொன்ன அதே ரத்தசோகை. ஆனால் ஒரே ராத்திரியில் வந்ததல்ல, தொடர்ந்து விட்டு வைத்ததில் வந்தது.

ஆக அன்று ராத்திரி சம்ப் தண்ணீரில் செத்தவை கடைக்காரர் கட்சி. சால்மன்கள் மைத்துனர் கட்சி. குரோத்தும் ஈட்டனும் பார்த்த மின்னோக்கள் இரண்டுக்கும் நடுவில், ரத்தசோகை வருவதற்கு முன்பே பழுப்பு ரத்தத்தால் திணறியவை. ஆய்வுக் கட்டுரையில் "குளோரினால் சிவப்பணு கூடியது" என்று ஒன்றும் "குறைந்தது" என்று ஒன்றும் பார்த்தால் ஒன்று பொய் என்று முடிவு கட்டாதீர்கள். எந்தக் குளோரின், எத்தனை நேரம், ரத்தம் எப்போது எடுத்தார்கள், எந்தக் குழாயில் எடுத்தார்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்வி என் காசில் வாங்கிய பாடம்.

14 ஜூன்

ஹெய்ன்ஸ் மணியைப் பார்ப்பது எப்படி என்று மீன்வளம் படிக்கும் ஒரு தம்பி கேட்கிறார். வழக்கமான லீஷ்மன் சாயத்தில் தெரியாது. உயிருள்ள அணுவில் கிரிஸ்டல் வயலட் கலந்து பார்க்க வேண்டும். சிவப்பணுவின் ஓரத்தில் ஊதாப் புள்ளியாக ஒட்டி நிற்கும். மனித ரத்தத்தில் சுலபம், உள்ளே வேறு எதுவும் இல்லை. மீனில் நட்டநடுவே உட்கரு உட்கார்ந்திருக்கிறது, அதுவும் சாயம் ஏற்கும். சுத்தமான தண்ணீரில் வளர்ந்த மீனின் ரத்தத்தைப் பக்கத்திலேயே வைத்து ஒப்பிடாமல் முடிவு சொல்லாதே. ஹெபாரின் மறக்காதே. ஊதா மூடியைத் தொடாதே. ரத்தம் எடுத்துக் காக்க வைக்காதே, நின்றால் அதுவே கெடும்.

15 ஜூன்

முதலில் கேட்டவரை எல்லோரும் மறந்துவிட்டோம். அவர் டிரம்மைப் பற்றி நான் கேட்டதற்குப் பதில் போட்டிருக்கிறார். நீல டிரம், 200 லிட்டர், கொசுவுக்குப் பயந்து மூடி போட்டது. ராத்திரி முழுக்க மாடிப்படிக்குக் கீழே.

அப்படியானால் நீங்கள் தண்ணீரை வைத்திருந்தீர்கள், குளோரினை வெளியே விடவில்லை. குளோரின் போக இரண்டு வழி. ஒன்று வெயில், புற ஊதாக் கதிர் அதை வேகமாகச் சிதைக்கும். இன்னொன்று காற்று, தண்ணீரைக் குலுக்க வேண்டும். மூடிய, ஆழமான, இருட்டு டிரம்மில் இரண்டும் இல்லை. அகலமான டப்பாவில் வெயிலில் திறந்து வைத்திருந்தால் சாயந்திரத்துக்குள் பெரும்பகுதி போயிருக்கும். இல்லை ராத்திரி முழுக்க ஏர் ஸ்டோன் போட்டு வைக்கலாம்.

அதற்கு மேல் ஒன்று. 60 லிட்டரில் ஐந்து கோல்ட்ஃபிஷ் என்றால் தொட்டியில் எப்போதும் அம்மோனியா இருக்கும். குளோரின் தண்ணீரை அதில் ஊற்றியதும் இரண்டும் சந்தித்துச் சீக்கிரமே குளோரமின் ஆகும். குழாயில் குளோரமின் வராத ஊரிலும் தொட்டிக்குள் நாமே தயாரித்துவிடலாம். உங்கள் மீன்களுக்கு இரண்டு அடியும் விழுந்திருக்கலாம். வெளுத்த செவுளும் கோழையும் முதல் அடிக்குச் சாட்சி. இரண்டாவது அடி விழுந்ததா என்பதை ரத்தம் எடுக்காமல் சொல்ல முடியாது. எடுத்த லட்சணத்தையும்தான் மேலே பார்த்தீர்களே.

மிச்சமுள்ள இரண்டையும் இன்னும் ஒரு வாரம் கண்காணியுங்கள். ஐந்தாம், ஆறாம் நாள் நைட்ரைட் பாருங்கள். நாள் தாண்டிவிட்டது, இன்றே பாருங்கள்.

15 ஜூன், இரவு

அவர் பார்த்துவிட்டார். நைட்ரைட் இருக்கிறது, ரொம்ப இல்லை. 30 கிராம் கல் உப்பு போடச் சொன்னேன். இரை குறைக்கவும் சொன்னேன்.

17 ஜூன்

"ஆன்டி குளோரின் பாட்டிலில் என்ன இருக்கிறது?" பெரும்பாலும் சோடியம் தயோசல்ஃபேட். ஃபோட்டோ ஸ்டூடியோ இருட்டறையில் நின்றவர்களுக்கு ஹைப்போ என்றால் புரியும். வெள்ளைக் கற்கண்டு மாதிரி படிகம். ஒரு மில்லிகிராம் குளோரினுக்கு ஏழு மில்லிகிராம் ஹைப்போ என்பது மீன் வளர்ப்பவர்களின் கணக்கு. 100 லிட்டர் தண்ணீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் இருந்தால் மொத்தம் 200 மில்லிகிராம், அதற்கு 1.4 கிராம் ஹைப்போ. கொஞ்சம் கூடினாலும் மோசமில்லை. வைட்டமின் சி மாத்திரையும் இதே வேலையைச் செய்யும், ஒன்றுக்கு இரண்டரை. ஆனால் தண்ணீரின் காரத்தைக் குறைக்கும்.

குளோரமினில் ஹைப்போ பாதி வேலைதான் செய்யும். குளோரினைப் பிடித்துக்கொள்ளும், அம்மோனியாவைத் தொட்டியில் விட்டுவிடும். பிறகு அது வடிகட்டியின் பாடு. வடிகட்டியும் செத்திருந்தால் நைட்ரைட் கதை மறுபடி.

மெத்திலீன் புளூ பற்றியும் கேட்டிருந்தார்கள். பழுப்பு ரத்தத்துக்கு அது மருந்துதான், மெத்ஹீமோகுளோபினைத் திரும்ப மாற்ற உதவும், மனிதருக்கும் ஊசியில் கொடுப்பது அதுவே. எரிந்த செவுளை ஆற்றாது. தொட்டி நீலமானதைப் பார்த்து நமக்குத்தான் நிம்மதி.

18 ஜூன்

குடிக்கிற தண்ணீரிலேயே இவ்வளவு விஷமா என்று ஒருவர் பதறுகிறார். பதற வேண்டாம். நமக்கும் மீனுக்கும் அளவுகோல் வேறு.

இந்தியக் குடிநீர்த் தரம், குழாயின் கடைசியில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் தனிக் குளோரின் இருக்க வேண்டும் என்கிறது. இல்லாவிட்டால் வழியில் கிருமி ஏறும். நன்னீர் உயிர்களுக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு 1984ல் வகுத்த வரம்பு, நான்கு நாள் சராசரி 0.011, ஒரு மணி நேரச் சராசரி 0.019, லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில். நமக்குக் குறைந்தபட்சம் என்பது மீனின் ஒரு மணி நேர வரம்பைப் போலப் பத்து மடங்கு. நல்ல குடிநீர் என்றாலே மீனுக்கு ஆகாத நீர்தான். குளோரின் சரியாகப் போடுகிற ஊரில் மீன் செத்தால் ஊர்மேல் குற்றமில்லை.

20 ஜூன்

குளோரின் இருந்தால் மஞ்சள் நிறம் காட்டும் ஓ.டி. (OT) சோதனைச் சொட்டு மருந்தை நம்பி "குளோரின் இல்லை" என்று யாரோ எழுதியிருந்தார்கள். எப்போது பார்த்தீர்கள்? தனிக் குளோரினுக்கு உடனே மஞ்சளாகும், குளோரமினுக்கு நேரம் எடுக்கும். விட்டவுடன் பார்த்து ஊற்றிவிட்டால் குளோரமின் கண்ணில் படாது. இளஞ்சிவப்பாகும் டிபிடி சோதனை மாத்திரையில் முதல் மாத்திரை தனிக் குளோரினுக்கு, இன்னொன்று சேர்த்தால் மொத்தம். இரண்டுக்கும் இடையில் உள்ள வித்தியாசம்தான் குளோரமின். சோதிக்கிறவர் தண்ணீரை டிரம்மிலும் பாருங்கள், தொட்டியில் ஊற்றிப் பத்து நிமிஷம் கழித்தும் பாருங்கள்.

21 ஜூன்

"பிழைத்த அந்தக் கடைசி மீனின் ரத்தத்தை இப்போது எடுத்து ஒப்பிட்டால் என்ன?" என்று தம்பி கேட்கிறார். ஒப்பீட்டுக்கு அருமையான மாதிரி, ஒத்துக்கொள்கிறேன். அந்த மீன் மேல் ஊசி படாது.

23 ஜூன்

கேட்டவர் எழுதியிருக்கிறார்: நைட்ரைட் பட்டை வெளுத்துவிட்டது, இரண்டும் இரை எடுக்கின்றன. டிரம் மூடியை எடுத்துவிட்டுக் கொசுவலை கட்டியிருக்கிறாராம்.

மறுபடியும் எங்கள் வளாகத்தில் இந்தச் சனிக்கிழமை சம்ப் கழுவப் போவதாக லிஃப்ட்டில் ஒட்டியிருக்கிறார்கள். 60 லிட்டர் இப்போதே பிடித்து வைத்துவிட்டேன். வீட்டில் குளிக்கப் பக்கெட் இல்லை.